இரண்டு அம்மாக்கண்ணும் ஒரு துண்டும்

அம்மாக்கண்ணு இறந்துவிட்டதாகக் கொழும்பிலிருந்து கடிதம் வந்த அன்று, அவள் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கடிதம் வந்ததற்கு முக்கால்வாசிக் காரணம் நான்தான். மிச்சக் கால்வாசியை யார் தலையில் போடுவதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

நான் அந்தோனிமுத்து, தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார். தலவாக்கலையிலிருந்து நாலு மைல் மேலே எங்கள் தோட்டம். ஐம்பத்தேழாம் வருஷத்தில் அங்கே இங்கிலீஷ் படிவம் நிரப்பத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் தோட்ட ஆபீசின் பெரிய கிளாக்கர் சிவசாமி. அவரிடம் போக எல்லோருக்கும் பயம். இன்னொருவன் நான், என்னிடம் யாருக்கும் பயமில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் திரும்புவதற்குள் என் வாசலில் நாலு பேராவது தாளும் கையுமாக நிற்பார்கள்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் அம்மாக்கண்ணு வந்தாள். முப்பத்தெட்டு வயதிருக்கும். புருஷன் இராமையா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர். இரண்டு பையன்களும் தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தார்கள். ஒரே மகள் பூரணியை இரண்டு வருஷத்துக்கு முன் இந்தியாவில், துறையூர்ப் பக்கம், இராமையாவின் தங்கச்சி மகன் அழகனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தங்கச்சி கல்யாணம் முடிந்த ஆறே மாதத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்த வீட்டில் இப்போது பூரணியைத் தவிரப் பெண்பிள்ளை கிடையாது. அவளுக்கு ஆவணியில் தலைப்பிரசவம்.

"தலைச்சன் புள்ளைக்கு நாந்தானங்க கூட இருக்கணும். பச்ச ஒடம்புக்காரிக்குத் தண்ணி வச்சு ஊத்தக்கூட ஒரு ஆளில்ல மாஸ்டர்" என்றாள்.

போவதில் சிக்கலில்லை. தலைமன்னாரில் கப்பலேறினால் மறுகரை. சிக்கல் திரும்பி வருவதில் இருந்தது; தோட்டத்து ஜனங்கள் பெரும்பாலோருக்கு அப்போது இலங்கைப் பிரஜாவுரிமை கிடையாது. திரும்பி வருவதற்கு விசா வாங்காமல் போனால், இராமையாவும் பையன்களும் இங்கே, அவள் அங்கே என்று ஆகிவிடும். அப்படி ஆன குடும்பங்கள் வரிசை வீடுகளான எங்கள் லயத்திலேயே இரண்டு இருந்தன.

மாசியில் ஆரம்பித்தால் ஆவணிக்குள் முடியாதா என்று நான் சவடாலாகச் சொன்னேன். பிறந்த பத்திரம், கல்யாணப் பதிவு, தோட்டத்தில் இருப்பதற்கு மேனேஜர் துரையின் கடிதம், படம் மூன்று. கல்யாணம் மாரியம்மன் கோயிலில் நடந்தது, பதிவு கிடையாது. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி போதும். பிறந்த பத்திரமோ அவளிடமே இருந்தது. தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் துணியில் சுற்றி எடுத்து வந்து, "இந்தாங்க பொறந்த துண்டு. எங்கப்பா பத்திரமா வச்சிருந்து குடுத்தது" என்று பெருமையாக நீட்டினாள். பாதிப் பேருக்கு அதுவே இல்லாத காலம் அது. எனக்கு மெத்தச் சந்தோஷம்.

முதல் தகராறு படத்தில் வந்தது. தலவாக்கலை ஸ்டூடியோவில் நாற்காலியைக் காட்டியதும் அவள் உட்கார மறுத்துவிட்டாள்.

"ஒத்தையில நான் ஒக்கார மாட்டேங்க. செத்தவங்களத்தான் ஒத்தையில படம் மாட்டி மாலை போடுவாங்க. இவரும் பக்கத்துல இருக்கட்டும்."

"விசா ஒங்களுக்குத்தான அம்மாக்கண்ணு, இராமையாவுக்கா?"

"அவரு இல்லாம எதுக்குங்க எனக்குப் படம்?"

கடைசியில் இராமையா காமெராவுக்குப் பக்கத்தில் நின்று, "நான் இங்கதான் நிக்கிறேன், இங்க பாரு" என்றார். அவள் இரண்டு தடவை காமெராவை விட்டுவிட்டு அவரையே பார்த்தாள். மூன்றாம் தடவை நேராகப் பார்த்தாள், சரியான கோபத்தோடு. அந்தப் படத்தைத்தான் படிவத்தில் ஒட்டினோம்.

இரண்டாவது தகராறு துரையின் கடிதத்தில். அதை எழுதித் தர வேண்டிய பெரிய கிளாக்கர் என்னை ஆபீசுக்கு வரச் சொன்னார். மேசையில் தோட்டத்துப் பழைய பிறப்பு இறப்புப் புத்தகம் விரித்துக் கிடந்தது.

"மாஸ்டர், இதப் படிங்க. பதினேழாம் வருஷம் பங்குனியில பொறந்திருக்கு. எட்டாம் மாசத்துல செத்திருக்கு. செவப்பு மையில எழுதியிருக்குப் பாருங்க. செத்த புள்ளைக்கு நான் தொரைக்கிட்ட எப்படிக் கையெழுத்து வாங்குறது?"

நான் மறுபடியும் மறுபடியும் படித்தேன். அதே பெயர், அதே தகப்பன், அதே தாய், அதே தேதி. கையிலிருந்த பத்திரமும் அதேதான். நேரே லயத்துக்குப் போனேன். அம்மாக்கண்ணு அடுப்பில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"எட்டு மாசத்துல செத்துப்போன புள்ள யாரு?"

"அது எங்க அக்காங்க."

"அக்கா பேரு என்ன?"

"அம்மாக்கண்ணு."

"அப்ப நீங்க?"

"அம்மாக்கண்ணு." ஏன் இந்த மனுஷன் இப்படிக் கேட்கிறான் என்று அவள் என்னைப் பார்த்தாள்.

பொறுமையாக விசாரித்த பிறகுதான் விளங்கியது. அவளுடைய அப்பாயியின் பேர் அம்மாக்கண்ணு. அந்தப் பேர் வீட்டில் இல்லாமல் போகக் கூடாதென்று மூத்த பெண்ணுக்கு வைத்தார்கள். அது போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து இவள் பிறந்தாள். பேர் சும்மாதான் கிடந்தது, இவளுக்கு வைத்தார்கள். துண்டும் சும்மாதான் கிடந்தது.

"ஒங்களுக்குன்னு தனியா ஒரு துண்டு எடுக்கலையா?"

"அதான் ஒண்ணு இருந்துச்சேங்க! ஒரே பேருக்கு எதுக்கு ரெண்டு?"

அவள் சொன்னதில் பிழை இருப்பது எனக்குத் தெரிந்தது. எந்த இடத்தில் என்றுதான் பிடிபடவில்லை. அரசாங்கத்துக் கணக்கில் இவள் பிறக்கவேயில்லை; பிறந்தவள் செத்துவிட்டாள்.

இரண்டு பிள்ளைகளையும் கையில் வாங்கிய மருத்துவச்சி காளியாயி இன்னும் உயிரோடு இருந்தது எங்கள் அதிர்ஷ்டம். அவளைத் தலவாக்கலைக்குக் கூட்டிப்போய்ச் சமாதான நீதவான் முன்னால் நிறுத்தினோம். இரண்டாவது பிள்ளை எந்த வருஷம் பிறந்தது என்று அவர் கேட்டார். "மேக்கணக்கு லயத்துச் செவரு சாஞ்சதே, அந்த மழைக்கு மொத வாரம்" என்றாள் காளியாயி. நல்ல மனுஷன், சிரித்துவிட்டு உத்தேசமாக ஒரு வருஷம் போட்டுக் கையெழுத்து வைத்தார். அதை வைத்துக் கிளாக்கரும் துரையிடம் கடிதம் வாங்கித் தந்தார். எல்லாவற்றையும் கட்டிச் சித்திரையில் கொழும்புக்கு அனுப்பினோம்.

வைகாசி கடைசியில் பதில் வந்தது. மேற்படி அம்மாக்கண்ணுவின் இறப்புப் பத்திரத்தை அனுப்பி வைக்கவும் என்று ஒரே வரி. நியாயம்தானே, அக்காவின் சாவை ரூபித்தால் தங்கச்சி தப்பித்தாள் என்று நினைத்தேன். ஒரு நாள் லீவு போட்டு, ரயிலில் நானுஓயா போய், அங்கிருந்து பஸ் பிடித்து நுவரெலியாவில் அரசாங்கக் கச்சேரி ஆபீசில் அரை நாள் நின்று அதன் நகலை வாங்கினேன்.

செய்த மடத்தனத்தைச் சொல்லத்தான் வேண்டும். நாலு வரி விளக்கமாக எழுதிக் கூட வைத்திருக்கலாம். கேட்டதைத்தானே அனுப்புகிறோம் என்று பத்திரத்தை மட்டும் உறையில் போட்டேன். உறையின் மேல் "அம்மாக்கண்ணுவின் விண்ணப்பம் தொடர்பாக" என்று அழகான கையெழுத்தில் எழுதினேன்.

ஆடியில் வந்த கடிதம் இராமையாவின் பெயருக்கு வந்திருந்தது. விண்ணப்பம் செய்த அவருடைய மனைவி இறந்துவிட்டதை இறப்புப் பத்திரத்தால் அறிந்துகொண்டதாகவும், ஆகவே கோப்பு மூடப்படுவதாகவும், படம் திருப்பி அனுப்பப்படுவதாகவும் எழுதியிருந்தது. கீழே அனுதாபமும் தெரிவித்திருந்தார்கள்.

மாலையில் எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வெறுங்கூடையோடு அவள் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்தாள்.

"வந்திருச்சாமே மாஸ்டர்! எப்பக் கப்பலு?"

நான் படித்துச் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மறுபடியும் சொன்னேன். அவள் படத்தை வாங்கிப் பார்த்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்ல, ஒத்தையில படம் புடிக்காதீங்கன்னு" என்றாள்.

என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திட்டவில்லை. பூரணிக்கென்று கட்டி வைத்திருந்த மூட்டையைப் பற்றித்தான் பேசினாள். பிள்ளை மருந்து, பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் காயம், துவைத்து மடித்த பழஞ்சேலைத் துணிகள். தபாலில் போகுமா என்று கேட்டாள். மறுநாளே தபாலில் போட்டேன். பிறகு நான் மூன்று கடிதம் எழுதினேன், அவள் உயிரோடு இருக்கிறாள் என்று. செத்தவர்கள் விஷயமாக வரும் கடிதத்துக்கு அங்கே யாரும் பதில் எழுதுவதில்லை போலும். ஆவணியும் வந்துவிட்டது.

புரட்டாசி முதல் வாரம் அழகனின் கடிதம் வந்தது. லயத்தில் இராமையா வீட்டுக் காம்பராவில் எல்லோரும் உட்கார்ந்திருக்க நான் படித்தேன். பெண் குழந்தை. பூரணி இரண்டு நாள் கஷ்டப்பட்டாள். பக்கத்து வீட்டு அம்மா ஒருத்தர் வந்து பார்த்துக்கொண்டார். அந்த இரண்டு நாளும் பூரணி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள், அத்தை கப்பலேறியிருப்பார்கள் என்று சொல்லிச் சொல்லியே சமாளித்தோம். பிள்ளைக்கு அத்தையின் பேரையே வைத்திருக்கிறோம். மணியக்காரரிடம் பதிந்து துண்டும் வாங்கியாகிவிட்டது.

அம்மாக்கண்ணு என்னிடம் அந்த இடத்தை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"துண்டு வாங்கியாச்சா? புள்ள பேருக்கேவா?"

"ஆமா. அம்மாக்கண்ணுன்னு போட்டு."

"அப்ப சரி" என்றாள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைக்கும்வரை நான் கடிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பூரணிக்குப் பதில் எழுதச் சொன்னாள். பச்ச ஒடம்பு, காத்து படாமப் பாத்துக்க. காயம் அனுப்பியிருக்கேன். அடுத்ததும் பொட்டப்புள்ளையாப் பொறந்தா வேற பேரு வை, வேற துண்டு எடு, அந்தச் செலவுக்குப் பாக்காத. எல்லாவற்றையும் எழுதினேன். கடைசியில் வழக்கம்போல, இங்கு அம்மா நலம் என்று எழுதப்போனேன்.

"என்னங்க எழுதுறீங்க?"

"அம்மா நல்லாருக்கேன்னு."

"அது வேணாம் மாஸ்டர். அம்மா உசிரோட இருக்கேன்னு எழுதுங்க."

அப்படியே எழுதி, அவளுடைய பெருவிரல் ரேகையை வாங்கிக் கீழே வைத்தேன்.