டிரையர் நின்ற மழையில் அப்பா தண்ணீரை நிறுத்தினார்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருடங்களாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். ஒரு வாஷிங் மெஷினுக்கு மோட்டார் மாற்றியதையெல்லாம் யாராவது எழுதுவார்களா என்பது ஒரு கூச்சம். அதைவிடப் பெரிய கூச்சம், இதில் என் அப்பாவின் படுக்கையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஊர்க் கூட்டத்தில் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றவர் அவர். அவர் படுக்கை நனைந்ததை மகனே எழுதுவதா என்று ஒவ்வொரு முறையும் பேனாவை மூடி வைத்துவிடுவேன். இப்போது அவர் முருகன் காலடிக்குப் போய்விட்டார். நான் பத்தாவதோடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு வெண்ணந்தூருக்குப் பக்கத்தில், தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. மாட்டுக்குச் சோளத்தட்டு போடப் போன அப்பா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. வயதுக்கும் இருதயத்துக்கும் ஆபரேஷன் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து கட்டில்தான். டயப்பர் போட்டுப் பார்த்தோம், தோல் வெந்துபோனது. அதனால் பழைய பருத்தி வேட்டிகளையும் விரிப்புகளையும் மாற்றி மாற்றி விரித்தோம். ஒரு நாளைக்கு எத்தனை விரிப்பு என்று என் மனைவி ஒருபோதும் சொன்னதில்லை. துவைத்து, மெஷினின் இன்னொரு பக்கத்திலிருக்கும் டிரையரில் போட்டுச் சுற்றி எடுத்தால், மழைக்காலத்தில்கூடக் காற்றாடியின் கீழே காய்ந்துவிடும். அதனால் அப்பாவின் முதுகில் ஒரு புண்கூட வரவில்லை.

அந்தக் கார்த்திகையில் மழை விடவே இல்லை. ஒரு காலை டிரையர் பட்டனைத் திருப்பினால் 'ம்ம்ம்' என்று முனகியது. தொட்டி சுற்றவில்லை. பின்பக்கமிருந்து கருகிய வாசம் வந்தது.

ராசிபுரத்து மெக்கானிக்குக்குப் போன் செய்தேன்.

"சாமி சரணமுங்க! நான் மாலை போட்டு மலைக்குப் போயிட்டிருக்கறனுங்க. நீங்க சொல்றதப் பாத்தா மோட்டார்தான் போயிருக்குமுங்க. அதே மாதிரி ஒண்ணு வாங்கி வெச்சிருங்க, வந்து மாட்டித் தாரேன்."

"எப்ப வருவீங்க?"

"ஐயப்பன் எப்ப அனுப்பறாரோ அப்பத்தானுங்க."

புது மெஷினே வாங்கிவிடலாம் என்றால், ஓடைத் தண்ணீர் எங்கள் தோட்டத்து வழியில் ஏறி நின்றது. பைக்கைத் தள்ளிக்கொண்டு கடந்துவிடலாம், சாமான் ஏற்றிய வண்டி வராது. என் மனைவி கையாலேயே பிழிந்தாள். அடுப்பங்கரை, சாமி அறை, நடை என்று வீடு முழுக்கக் கயிறு கட்டினோம். நடந்தால் முகத்தில் ஈரத்துணி ஒட்டும். எவ்வளவு பிழிந்தாலும் அந்தக் கனத்த விரிப்புகள் காயவில்லை.

அப்போதுதான் அவள் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டாள்.

"ஏனுங்க, மாமா நேத்துல இருந்து தண்ணியே குடிக்கறதில்ல. காப்பியும் வாயில வெச்சுட்டுத் திருப்பிக் குடுத்தறாரு."

நான் அப்பாவிடம் போனேன். உதடு வெடித்திருந்தது.

"தண்ணி குடிங்கப்பா."

"தாகமில்ல சாமி. மழைநாள்ல என்ன தாகம்?"

"உதடு காஞ்சு கெடக்குது."

சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்படியே படுத்துக்கொண்டு சொன்னார்: "அந்தப் புள்ள கையப் பாத்தியா? வீங்கிக் கெடக்குது. நான் குடிச்சாத்தான அவ பிழியோணும்? மழை விடட்டும், குடிக்கறேன்."

டாக்டருக்குப் போன் செய்தேன். இந்த வயதில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் சிறுநீரகம் கெட்டுப்போகும், கட்டாயம் குடிக்க வையுங்கள் என்றார். மெக்கானிக் மலையிறங்கும்வரை காத்திருக்க முடியாது என்று தெரிந்துவிட்டது.

ராசிபுரம் போய்ப் பழைய மெஷினின் படத்தைக் காட்டி மோட்டார் வாங்கி வந்தேன். ராகு காலம் கழியட்டும் என்று காத்திருந்து, சாமி அறையில் விளக்கேற்றி, புது மோட்டாருக்குத் திருநீறு பூசிப் பொட்டு வைத்தேன். மெஷினின் பிளக்கைப் பிடுங்கி என் மனைவியின் கையில் கொடுத்தேன். வேலை முடியும்வரை, பாம்பின் தலையைப் பிடித்த மாதிரி அவள் அதை விடவே இல்லை.

மெஷினை நகர்த்திப் பின்மூடியைக் கழற்றினேன். டிரையர் தொட்டியின் தண்டு, கீழே இரண்டு போல்ட்டில் மோட்டாரோடு சேர்ந்திருந்தது. துருப்பிடித்துப்போய் ஸ்பேனருக்கு அசையவில்லை. உள் அறையிலிருந்து அப்பாவின் குரல் வந்தது.

"என்றா, கெணத்து மோட்டாருக்கே ஆள் வெச்சுக் கழட்டுனவன் நீ!"

"கம்முனு படுங்கப்பா."

"ஸ்க்ரூவயெல்லாம் பத்திரமா எடுத்து வை. மிச்சமானா மாட்டுக் கழுத்துல கோத்துக் கட்டிக்கலாம்."

என் மனைவி பிளக்கோடு சிரித்தாள். தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்த பிறகு போல்ட்டுகள் அசைந்தன. தொட்டியை மேலே தூக்கி எடுத்தேன். மோட்டாரிலிருந்து போன மூன்று ஒயர்களும் அழுக்கேறி ஒரே நிறத்தில் இருந்தன. எதை எதோடு சேர்ப்பது என்று நான் விழித்தபோது அவள்தான் வழி சொன்னாள். இளம்பிள்ளை ஊரில் நெய்யும் சேலைகளுக்குக் குஞ்சம் கட்டிக் கொடுப்பவள் அவள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று நூல் எடுத்து வந்து, கழற்றுவதற்கு முன்பே ஒவ்வொரு இணைப்புக்கும் இரு பக்கமும் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டாள். புது மோட்டாரிலும் அதே இடத்திலிருந்து வரும் ஒயருக்கு அதே நிறத்தைக் கட்டினாள். பிறகு நிறம் பார்த்துச் சேர்ப்பது குழந்தை வேலையாகிவிட்டது.

பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் புதியதை அதே இடத்தில் பொருத்தினேன். என் தவறு அதற்குப் பிறகு நடந்தது. தோட்டத்தில் சுற்றுகிற எதுவானாலும் கிரீஸ் வைத்துப் பழகிய கை இது. சோளத்தட்டு வெட்டும் மெஷின், கிணற்று உருளை, வண்டிச் சக்கரம், எதையும் காய விட்டதில்லை. புது மோட்டாரின் தலையில் வட்டமாக ஒரு டிரம், அதை ஒட்டி ஒரு கட்டை. இரண்டும் உரசிக்கொண்டு இருக்கிறதே, தேய்ந்துவிடுமே என்று இரண்டு விரலால் கிரீஸ் எடுத்து நன்றாக அப்பினேன். தொட்டியை இறக்கி, போல்ட்டை முடுக்கி, ஒயர்களைச் சேர்த்து டேப் சுற்றி, பின்மூடியைப் பூட்டினேன்.

ஈர விரிப்பு ஒன்றைப் போட்டு, பிளக்கை மாட்டித் திருப்பினேன். தொட்டி சுற்றியது. முருகா என்று கையெடுத்துக் கும்பிட்டேன். உள்ளேயிருந்து அப்பாவும், "அட, ஓடுது சாமி!" என்றார்.

சுற்றி முடிவதற்குள் என் மனைவி வழக்கம்போல மூடியைத் திறந்தாள். மூடியைத் திறந்தால் தொட்டி கப்பென்று நிற்கும், அது அவள் கைக்குப் பழக்கம். அன்று நிற்கவில்லை. விரிப்பை எடுக்கக் கை விட்டவளின் விரலில் துணி சுற்றி இழுத்தது. நான் ஓடி அவள் தோளைப் பிடித்து இழுத்தேன். கண்ணாடி வளையல்கள் தெறித்து உடைந்தன. மணிக்கட்டில் ஒரு கீறல், ரத்தம். விரல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

வளையல் உடைந்த சத்தம் அப்பாவுக்குக் கேட்டுவிட்டது. என்ன ஏது என்று கத்தினார். சொன்னோம். "அந்த எழவ வெளிய தூக்கி வீசு! புள்ள கை போனா நான் எதுக்குடா இருக்கோணும்?" என்றவர், பக்கத்தில் இருந்த சொம்பைக் கையால் தள்ளிவிட்டார். அதன் பிறகு ஒரு சொட்டுத் தண்ணீருக்கும் அவர் வாயைத் திறக்கவில்லை.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு மெக்கானிக்கை மறுபடி கூப்பிட்டேன். சரண கோஷத்துக்கு நடுவே அவர் குரல் கேட்டது.

"தொட்டிக்குக் கீழ டிரம்முல கிரீஸ் ஏதாச்சும் வெச்சீங்களாங்க?"

"கொஞ்சமா வெச்சேன்."

"கொஞ்சமாவா? மாட்டு வண்டிக்கு மை போடறாப்பல போட்டிருப்பீங்க! அது பிரேக்குங்க சாமி. உரசுனாத்தான் நிக்கும். வழவழன்னு இருந்தா எப்படி நிக்கும்? பெட்ரோல்ல நல்லாத் துடைச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. நெடி போற வரைக்கும் காத்தாட விடுங்க, அப்பறமா கரண்டு குடுங்க. அம்மா கைக்கு ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லைங்க."

"சரணமய்யப்பா."

மலையில் வரிசையில் நிற்பவருக்கு அந்த நேரத்தில் போன் கிடைத்தது தெய்வச் செயல் என்றுதான் இன்றுவரை நினைக்கிறேன். திரும்ப எல்லாவற்றையும் பிரித்தேன். துடைத்தேன், தேய்த்தேன், ஜன்னல்களைத் திறந்து வைத்து மழைக்காற்றில் ஆறவிட்டேன். இந்த முறை துணி போடாமல், நானே ஓடவிட்டு நானே மூடியைத் திறந்தேன். நின்றது. மறுபடி திறந்தேன், நின்றது. மனைவி போதும் என்று சொல்லும்வரை திறந்து திறந்து பார்த்தேன்.

அவள் ஒரு விரிப்பைச் சுற்றி எடுத்து, காற்றாடியில் காயவைத்து, அதை மடித்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். நான் வாசலிலேயே நின்றுகொண்டேன். விரிப்பை அவர் கையில் வைத்தாள். பிறகு தன் இரண்டு கைகளையும் அவர் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

"எண்ணிக்குங்க மாமா. எல்லா வெரலும் இருக்குது. ஒண்ணு கொறஞ்சாலும் உங்க பையனக் கேளுங்க."

அவர் உண்மையாகவே ஒவ்வொரு விரலாகத் தொட்டுப் பார்த்தார். கீறலைக் கண்டு உதட்டைக் கடித்தார்.

"இனி நீங்க தண்ணி குடிக்காம நானும் குடிக்க மாட்டனுங்க" என்றாள்.

"அட போ அம்முணி" என்றார். சொம்புக்குக் கை நீட்டினார். "கொண்டா."

தலையைத் தூக்கிப் பிடித்தோம். கண்ணை மூடிக்கொண்டு, நடுவில் மூச்சு வாங்கி வாங்கிக் குடித்தார். தாகமில்லை என்று சொன்ன மனிதர், இன்னொரு சொம்பு கேட்டார்.

மறுநாள் காலை படுக்கை நன்றாக நனைந்திருந்தது. விரிப்பை உருவிக்கொண்டு வந்த என் மனைவி, அதைக் கோவில் பிரசாதம் மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்பா மட்டும், "பைத்தியங்க" என்றார்.

உங்கள் வீட்டிலும் படுக்கையில் ஒருவர் இருந்தால், அல்லது அப்படி ஒரு வீட்டை உங்களுக்குத் தெரிந்தால், இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது எதையும் கூட்டவும் வேண்டாம், விடவும் வேண்டாம். தெய்வமே இறங்கி வந்து மோட்டார் மாட்டியதாக ஆக்கிவிடாதீர்கள். பிளக்கைப் பிடுங்கியதையும், பிரேக்கில் நான் கிரீஸ் அப்பியதையும் அப்படியே சொல்லுங்கள். தாகமில்லை என்று அவர்கள் சொன்னால் உடனே நம்பிவிட வேண்டாம், கொடியில் துணி காய்ந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.