ஹால் சுவரில் இருந்த போதகர்

எங்கள் பள்ளி ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் ரோஜாப்பூவும்தான் வரும். போன மாதம் ஒரு நாள், கணக்கு டீச்சர் பழைய வெளிநாட்டு விளம்பரங்கள் சிலவற்றை அனுப்பியிருந்தார். கொடிகட்டிப் பறந்த நடிகர்கள், மார்க்கெட் போன பிறகு மலிவு ஒயினுக்குப் போஸ் கொடுத்த படங்கள். 'பாவம், வயித்துப் பொழப்பு' என்று கீழே எழுதியிருந்தார். நாலாவது படத்தில் எங்கள் வீட்டுப் போதகர் இருந்தார்.

அதே வழுக்கைத் தலை. கழுத்துவரை மூடிய அதே கறுப்புச் சட்டை. வலது கையில் நீளக் காம்பு வைத்த அதே கண்ணாடிக் கோப்பை, பாதிவரை சிவப்பு. எங்கள் வீட்டுப் படம் அவர் இடுப்போடு முடிந்துவிடும். போனில் இருந்த படம் அதற்குக் கீழேயும் போனது. அங்கே மேஜைமேல் ஒரு ஒயின் பாட்டில். அதனடியில், கொஞ்சக் காசில் ராஜ விருந்து என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சுழித்து எழுதிய ஒரு வரி.

நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அந்தப் படம் எங்கள் அஸ்தினாபுரம் வீட்டு ஹாலில் தொங்குகிறது. வெளிநாட்டில் பெரிய ஊழியம் செய்த போதகர், ஆராதனையில் திராட்சரசம் கொடுக்கும் திருவிருந்துப் பாத்திரத்தை ஏந்தி நிற்கிறார் என்று அப்பா சொல்லியிருந்தார். அம்மா சனிக்கிழமை தோறும் துடைப்பாள். பரீட்சைக்குப் போகும்போது நான் அவரைப் பார்த்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுவேன். சபையில் மதுவிலக்கு பற்றிப் பேச வேண்டுமென்றால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அவரும் வீட்டுப் போதகரை உதாரணம் காட்டாமல் பேச்சை முடிக்கமாட்டார்.

எனக்கு இருபத்துநாலு வயதில் ஒருவரைப் பிடித்திருந்தது. என்னோடு அதே பள்ளியில் வேலை பார்த்தவர். ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவார். அவர் கத்தோலிக்கர், நாங்கள் வேறு சபை. அதையே அப்பா ஒத்துக்கொண்டிருந்தார், அதுதான் பெரிய மலை என்று நான் நினைத்திருந்தேன். ஒரு டிசம்பர் மாதம் அவரும் அவர் அம்மாவும் பேசி முடிக்க வீட்டுக்கு வந்தார்கள். கிறிஸ்துமஸ் சமயம் வெறுங்கையோடு வரக்கூடாது என்று, அந்த அம்மா தன் கையால் திராட்சை பிழிந்து ஜாடியில் ஊறவைத்த ஒயினை ஒரு ஸ்குவாஷ் பாட்டிலில் ஊற்றிக் கேக்கோடு கொண்டுவந்திருந்தார்.

அப்பா அந்தப் பாட்டிலைத் தொடவே இல்லை. சுவரைக் காட்டினார். "அவர் கையில இருக்கிறது திருவிருந்து திராட்சரசம். அது ஒண்ணுதான் இந்த வீட்டுல வாயில படும். வேற திராட்சரசம் வைக்கிற வீட்டுல நான் பொண்ணு குடுக்க முடியாதுங்க."

"கானா ஊர் கல்யாணத்துல ஆண்டவரே தண்ணிய திராட்சரசமா மாத்தினாருங்களே," என்றார் அந்த அம்மா, சிரித்துக்கொண்டேதான்.

"அது வேற, இது வேறங்க."

அவ்வளவுதான். அந்த அம்மா பாட்டிலைத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தார். மறு வருஷம் அவர் மகன் எங்கள் பள்ளி வேலையை விட்டு வேறு ஊருக்குப் போய் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நான் செய்துகொள்ளவில்லை. அப்பா கொள்கைக்காரர், கொள்கைக்காரர் வீட்டில் பிறந்தால் இப்படித்தான் என்று இத்தனை வருஷமும் மனதைத் தேற்றிக்கொண்டேன். அதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைதான் இப்போது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

வாட்ஸ்அப்பில் அந்த விளம்பரத்தைப் பார்த்த அன்று, அப்பா மத்தியானத் தூக்கத்தில் இருந்தபோது நாற்காலி போட்டு ஏறிப் படத்தைக் கழற்றினேன். ஏமாந்தது அப்பாவும்தான், பழைய புத்தகக் கடையில் கிழிந்த பக்கம் எதையோ வாங்கிவந்து நம்பிவிட்டார் என்றே நினைக்க விரும்பினேன். பின்பக்கத்து ஆணிகளை நெம்பி அட்டையை எடுத்தேன். பக்கம் கிழிந்திருக்கவில்லை. பாட்டிலும் அந்த வரியும் இருந்த பகுதியை யாரோ அளவெடுத்ததுபோல் நேராகப் பின்னால் மடித்து, நகத்தால் அழுத்தித் தேய்த்திருந்தார்கள். அப்பா இன்லேண்டு லெட்டரைக்கூட அப்படித்தான் மடிப்பார்.

அப்பா எழுந்ததும் மடிப்பைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். எண்பத்துநாலு வயதிலும் அவருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"அவர் நடிகர்ம்மா," என்றார். "சின்ன வயசுல அவர் படம்னா எனக்கு உசிரு. உங்கம்மா சினிமாக்காரன் படத்த மாட்ட விடமாட்டா. அதான் போதகர்னு சொன்னேன். அப்புறம் எல்லாரும் நம்பிட்டீங்க."

"அவங்க வந்த அன்னிக்காவது சொல்லியிருக்கலாமேப்பா."

"அன்னிக்குச் சொன்னா சபையில என் மானம் என்னாகிறது?"

கோபத்தில் சொல்லவில்லை. மருந்து வேளையைக் கேட்பதுபோல் சாதாரணமாகக் கேட்டார். என் கல்யாணத்தையும் தன் மானத்தையும் வைத்துப் பார்த்து, எதை வைத்துக்கொள்வது என்று அன்றைக்கே முடிவு செய்திருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. குரோம்பேட்டையில் கடைக்குப் போய், முழுப் பக்கமும் தெரியும்படி பெரிய பிரேம் போட்டு, அதே ஆணியில் மாட்டினேன்.

"வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு எல்லாரும் வருவாங்க. அதுக்குள்ள எடுத்துடும்மா," என்றார்.

"நீங்களே எடுங்க."

நாற்காலியில் ஏற அவரால் முடியாது என்று இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டு பேர் வந்தார்கள். முதல் பாட்டு முடிந்ததும் எங்கள் சபைப் போதகரின் மனைவி நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். "என்ன அங்கிள், படம் பெருசாயிடுச்சு? பாட்டில் எல்லாம் இருக்கு?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் காத்திருந்தேன். இப்போதாவது சொல்லிவிடுவார் என்று உண்மையாகவே நம்பினேன்.

"கானா ஊர் கல்யாணம்மா," என்றார் அப்பா, குரல் கொஞ்சமும் பிசகாமல். "ஆண்டவர் தண்ணிய திராட்சரசமா மாத்தினார் இல்லையா? அதுக்காக வெச்ச பாட்டில்."

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் ஆமென் என்றார்.

"அது வேற, இது வேறப்பா," என்றேன் நான்.

அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அப்பாவுக்குப் புரிந்தது. மடியில் இருந்த வேதாகமத்தைத் திறந்து, குனிந்து, அடுத்து வாசிக்க வேண்டிய அதிகாரத்தைத் தேட ஆரம்பித்தார்.