வெள்ளையாகவே வந்த வடிகட்டி

1. பாலும் வெல்லமும்

தொழிற்கூடங்களில் காற்றை அளப்பது என் வேலை. தனியாகக் கையெழுத்திடவிருந்த முதல் அறிக்கையே தவறாகப் போகப் பார்த்தது.

ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு ஒர்க்‌ஷாப். ஓட்டல் சமையலறைகளுக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் மேஜை, தொட்டி செய்கிறார்கள். தேசம்மா அக்கா அங்கே பதினொரு வருடமாக வெல்டர். புடவைமேல் ஆண்கள் சட்டை, முகத்தில் கவசம். அவர் போடும் வெல்டிங் கோடு நூல் பிடித்ததுபோல் இருக்கும்.

காலையில் அவர் இடுப்பில் சிறிய பம்ப்பையும், காலரில் அதன் வடிகட்டியையும் மாட்டிவிட்டேன்.

“இன்னாம்மா இது, தாலி மாரி தொங்குது?”

“நீங்க இழுக்கற காத்தை இதுவும் இழுக்கும்க்கா. புகையில குரோமியம், நிக்கல், மாங்கனீஸ் எல்லாம் இருக்கு. கண்ணுக்குத் தெரியாத நானோ துகள். வருஷக்கணக்கா உள்ள போனா நுரையீரல் கெடும். கேன்சர் வரவும் வாய்ப்பு இருக்கு.”

திருநெல்வேலிக்காரரான முதலாளி கேட்டுக்கொண்டிருந்தார். “தெனமும் பாலும் வெல்லமும் குடுக்கேன்லா. எல்லாத்தையும் எறக்கிரும்.”

“வெல்லம் வயித்துக்குப் போகுது சார். புகை அங்க போகலையே.”

“செரி, ரிப்போர்ட் வரட்டும். மோசம்னா புகையை இழுக்க மெஷின் போடுதேன். நல்லா இருந்தா இந்தப் பேச்சே வரப்படாது.”

அன்று மாலை வரை நான் பாலிஷ் பகுதியில் அளந்துகொண்டிருந்தேன்.

2. எனக்கு நானே சொன்ன விளக்கம்

அடையாறில் உள்ள எங்கள் லேபில் வடிகட்டியை எடைபோட்டோம். எடை கூடவே இல்லை. வெள்ளையாகவே இருந்தது. ஆனால், அக்காவின் பெஞ்சருகே நான் வைத்த துகள் எண்ணும் கருவி மிக அதிகமான எண்ணிக்கையைக் காட்டியிருந்தது. இந்த முரண்பாடு என்னை உறுத்தியிருக்க வேண்டும். படித்தவள் அல்லவா, உடனே விளக்கம் கண்டுபிடித்தேன்: நானோ துகள்கள் எண்ணிக்கையில் பெருகும், எடையில் தெரியாது. பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. எடைக்கான வரம்புக்குள் இருப்பதாக அறிக்கை தட்டச்சு செய்தேன்.

கொடுக்கப் போன அன்று அக்கா என்னை சிலிண்டர்கள் பக்கம் கூப்பிட்டார்.

“எப்டி வந்துச்சு?”

“நல்லா வந்திருக்குக்கா.”

“அப்ப பெரும்பாக்கத்துல என் வூட்டுக்கு மூணு மாடி ஏறச் சொல்லோ ஏன் ரெண்டு வாட்டி குந்துறேன்?” குரலைத் தாழ்த்தினார். “திட்டாத. காலர்ல நீ மாட்டுனத்த சட்டைக்குள்ள சொருவிகினேன். பொறி பட்டு பொத்தலாச்சுன்னா உன் வேல பூடுமேன்னு. நீ கழட்ட வரச் சொல்லோ வெளிய எடுத்து வுட்டேன்.”

மூச்சு வாங்குகிறது என்று தெரிந்தால் கூலி குறைந்த பேக்கிங்கில் போட்டுவிடுவார்கள். இத்தனை நாள் அவர் யாரிடமும் சொல்லாததற்கு அதுதான் காரணம்.

“மொதலாளிக்குத் தெரிஞ்சா பரவால்லயாக்கா?”

“எதிர் பெஞ்சுல ரெண்டு பொண்ணுங்க இப்பதான் கத்துக்கினு கீதுங்க. அதுங்களும் இந்த ரிப்போர்ட்ட நம்பிகினு நிக்கணுமா?”

என்னை முந்திக்கொண்டு அவரே முதலாளி அறைக்குப் போனார். முழுவதும் கேட்டுவிட்டு முதலாளி என் அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார்.

“நீ சும்மா இருந்திருந்தா எனக்கு ஒரு மெஷின் மிச்சம் தேசம்மா.”

“உனக்கு மிச்சம் மொதலாளி. எனக்கு மூச்சு மிச்சமில்லையே.”

3. மறு அளவீடு

இம்முறை நாள் முழுக்க அக்கா பக்கத்திலேயே நின்றேன். மாலையில் கழற்றிய வடிகட்டி துருப்பழுப்பில் இருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு வாங்கிப் பார்த்தார்.

“ஒரு நாளுக்கா?”

“ஆமாக்கா.”

திருப்பிக் கொடுத்துவிட்டு, மீதியிருந்த மூலையை முடித்தார். அந்தக் கோடும் நேராகத்தான் இருந்தது.

இப்போது மூன்று பெஞ்சுகளிலும் புகை இழுக்கும் குழாய்கள் இருக்கின்றன. அக்காவுக்குத் தகுந்த முகமூடி வந்திருக்கிறது, பேக்கிங்குக்கு அனுப்பவில்லை. இழந்த மூச்சு திரும்பாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். ஆண்டுதோறும் நுரையீரலுக்காக ஊதிப் பார்க்கும் சோதனைக்கு அக்கா முதல் ஆளாகப் போகிறார்.

என் சரிபார்ப்புப் பட்டியலில் கடைசி வரி இது: மாட்டியிருந்தவரிடம், நாள் முழுக்க இது எங்கே இருந்தது என்று கேள். அந்த இரண்டு வடிகட்டிகளையும் ஒரே டப்பாவில் வைத்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு வெள்ளையைத்தான் முதலில் காட்டுகிறேன்.