ஏ மைனரில் அச்சான தாள்

என் தங்கை பாட்டை விட்டதற்குக் காரணம் நான்தான். அவள் குரல் அல்ல, நான்!

இதை உங்களிடம் சொல்கிறேன். அவளிடம் ஒன்பது ஆண்டுகளாகச் சொல்லவில்லை. ஏன் செய்தாய் என்று கேட்பீர்கள். அதுதான் எனக்கும் விளங்கவில்லை… விளங்கியிருந்தால் இந்நேரம் சொல்லியிருப்பேனோ என்னவோ.

நாங்கள் ஐயம்பேட்டை. அப்பாவுக்குக் கொஞ்சம் நிலம், ஓர் உரக்கடை. நான் மூத்தவள், காஞ்சிபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். தேவகி என்னைவிட நான்கு வயது சிறியவள். கல்யாண வரவேற்புகளில் மெல்லிசைக் கச்சேரி செய்யும் ஒரு குழுவில் அவள் பாடுவாள், நான் கீபோர்ட் வாசிப்பேன்.

"ரெண்டு பேரும் ஒண்ணா போயி ஒண்ணா வர்றதா இருந்தா போங்க. தனியான்னா ஒருத்தியும் கச்சேரின்னு வாசல் தாண்டக் கூடாது." இது அப்பா போட்ட சட்டம்.

சென்டர் கணினியில், எங்கிருந்தோ வந்த சிடியிலிருந்து ஏற்றிய இசைக்குறிப்பு மென்பொருள் ஒன்று கிடந்தது. தட்டித் தட்டி நானே கற்றுக்கொண்டேன். பாட்டு வரிகளை அடித்து, எந்தச் சொல்லில் எந்த கார்டு, அதாவது பின்னணிச் சுரக்கூட்டு, மாறுகிறது என்று மேலே குறித்து அச்செடுத்தால் போதும். ஒத்திகைக்கே வராத கிட்டார்காரர்கூடத் தாளைப் பார்த்து வாசித்துவிடுவார். குழுவில் எனக்கிருந்த மரியாதையெல்லாம் அந்தத் தாள்களால் வந்ததுதான்.

ஒரு கட்டளை கொடுத்தால் முழுப் பாட்டின் சுருதியையும் ஏற்றலாம், இறக்கலாம். அத்தனை கார்டுகளும் கண்ணெதிரே மாறும்! முதல்முறை பார்த்தபோது எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

அந்த ஆண்டு தேவகிக்கு டைபாய்டு. எழுந்த பிறகு மேல் ஸ்தாயியில் குரல் நிற்கவில்லை. ஒருநாள் மெல்ல வந்து கேட்டாள்:

"அக்கா, மேல போவசொல்ல குரல் பிசிறிக்கினு போவுது. ரெண்டு ஸ்டெப் எறக்கிக் குடேன். யாருகிட்டயும் சொல்லிடாதே."

சில வாரத்தில் ஒரு செய்தி. சென்னையின் பெரிய மெல்லிசைக் குழு ஒன்று நிரந்தரப் பாடகி தேடுகிறதாம். அதன் நடத்துநர் காஞ்சிபுரத்துக்கே வந்து, ஒரு கல்யாண மண்டபத்தில் நான்கைந்து பெண்களைப் பாடச் சொல்லிக் கேட்கப்போகிறாராம்.

தேவகி ஒரு பழைய பாட்டைத் தேர்ந்தெடுத்தாள். அசல் சுருதி ஏ மைனர். நான் அதை இரண்டு ஸ்டெப் கீழே, ஜி மைனருக்கு இறக்கி, வேறு பெயரில் சேமித்தேன். வீட்டில் ஒரு வாரம் அந்தச் சுருதியில் பழகினோம். ஓரிடத்தில்கூடப் பிசிறவில்லை!

அவர் வருவதற்கு முந்தின நாள் சாயங்காலம், ஷேர் ஆட்டோவில் வரும்போது சொன்னாள்: "அவங்க எடுத்துக்கினா மாசச் சம்பளம், அப்பாவும் வுட்டுடுவாரு. மெட்ராஸ்லயே ஹாஸ்டல்ல தங்கிடுவேன்க்கா. நீ இன்னா பண்ணுவே?"

"எனக்கு இன்னா… நிம்மதி" என்றேன். இருவரும் சிரித்தோம்.

மறுநாள் காலை, மின்சாரம் போவதற்குள் அச்செடுக்கவேண்டும் என்ற அவசரம். இரண்டு கோப்புகளுக்கும் ஏறக்குறைய ஒரே பெயர். எதைத் திறந்தேன் என்று கவனிக்கவில்லை. சத்தியமாகக் கவனிக்கவில்லை! இதையாவது நம்புங்கள்…

மண்டபத்தில் தாளை வாங்கிப் பார்த்தார் கிட்டார்காரர். அன்றைக்கு மட்டும் செங்கல்பட்டிலிருந்து வந்தவர்.

"இன்னாம்மா, இது ஏ மைனர்ல இருக்குது? நேத்து போன்ல ஜி மைனர்னு சொன்னியே?"

இதுவரை நடந்தது தவறு. இனிச் சொல்லப்போவதற்குப் பெயர் வேறு.

தாளைப் பார்த்தேன். அசல் தாள். "ரெண்டு எறக்கி வாசிச்சிடுங்க" என்று ஒரு வார்த்தை… அவருக்கு அது ஒரு வேலையே அல்ல. தேவகி வெளியே வெந்நீர் குடித்துக்கொண்டிருந்தாள். நேரமும் இருந்தது.

"ஏ மைனர்தாண்ணா" என்றேன்.

ஏன்? அவள் போய்விட்டால் நானும் கச்சேரி இல்லாமல் வீட்டோடு முடங்கவேண்டும் என்ற பயமா? பொறாமையா? என் தாளில் தப்பு என்று ஒப்புக்கொள்ளக் கூசிய அற்பத்தனமா? அசல் சுருதியில் பாடினால் இன்னும் எடுப்பாக இருக்கும் என்று உண்மையாகவே நினைத்தேனா? ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் உண்மைபோலவே இருக்கிறது. எதுவும் முழுதாகப் பொருந்தவில்லை…

பல்லவி நன்றாகத்தான் போனது. சரணத்தில், மேலே எழும்பும் இடத்தில், அவள் குரல் உடைந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் உடைந்தது. என் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான் கீபோர்ட் கட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்ல குரல்மா. ஆனா ரேஞ்ச் பத்தல" என்றார் நடத்துநர்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவள் கேட்டாள்:

"நீ எறக்கித்தானே வெச்சிருந்தே?"

"ஆமா. ரெண்டு எறக்கிதான்."

"எறக்கியும் முடியலையா எனக்கு…"

அவ்வளவுதான். அழவில்லை. அதற்குப் பின் கச்சேரிக்கு வரமாட்டேன் என்றுவிட்டாள். அவள் வராததால் என்னையும் அப்பா அனுப்பவில்லை. நான் எதற்குப் பயந்தேனோ, அதையே என் கையால் வரவழைத்துக்கொண்டேன்! அப்படியானால் அந்த ஒரு பொய்யால் யாருக்கு என்ன லாபம்? சொல்லுங்கள்…

மறு ஆண்டே செவிலிமேட்டில் வாழ்க்கைப்பட்டாள். நல்ல கணவர். ஒரு மகள், கீர்த்தி, ஏழு வயது. வீட்டில் தேவகி முணுமுணுக்கக்கூட மாட்டாள். பிள்ளை மட்டும் எப்போதும் பாடிக்கொண்டே இருக்கிறது.

போன ஞாயிறு அங்கே போயிருந்தேன். பள்ளியில் பாட்டுப் போட்டிக்குப் பெயர் கேட்டிருக்கிறார்களாம். கீர்த்தி சீட்டை நீட்டினாள். தேவகி வாங்கவில்லை.

"வேணாம்மா. நம்ம வீட்டுக் குரல் மேல ஏறாது. பெரிம்மா ரெண்டு ஸ்டெப் எறக்கிக் குடுத்தும் என்னால பாட முடியல. நாலு பேரு முன்னால அவமானம்தான் மிச்சம். வேணும்னா அவங்களையே கேளு."

பிள்ளை என் முன்னால் வந்து நின்றது.

"நெஜமாவா பெரிம்மா?"

இப்போதாவது… என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது. நானும் அப்படித்தான் நினைத்தேன். வாயும் திறந்தேன்.

"அம்மா சொன்னா சரியாத்தாண்டா இருக்கும்" என்றேன்.

வெள்ளிக்கிழமைக்குள் பெயர் கொடுக்கவேண்டுமாம். இன்று வியாழன். தேவகியின் எண்ணை அழுத்திவிட்டு, மணி அடிப்பதற்குள் வைத்துவிடுகிறேன். காலையிலிருந்து நான்கு முறை…