இடது கைக் காப்பு

முதலில் வலித்தது நெஞ்சல்ல, தாடை. கேதாரகௌரி விரதம் தொடங்கிச் சில நாட்களில், கண்டிக்குப் பக்கத்தில் எங்கள் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் நடக்கையில் கீழ்த்தாடை இறுகி முதுகுவரை இழுத்தது. நின்றால் விட்டுவிடும். கணவரின் ஆயுளுக்காகப் பெண்கள் ஒருவேளைச் சாப்பாட்டோடு இருக்கும் விரதம் அது. ஆகவே என் வலிக்கு வீட்டில் பதில் தயாராக இருந்தது.

"வெறும் வயித்துல கேஸ் ஏறிருச்சு அண்ணி, இஞ்சித் தண்ணி குடிங்க" என்றாள் நாத்தனார்.

டிஸ்பென்சரி டாக்டர் என்னைக் கேட்கவில்லை, கூட வந்த கணவரைக் கேட்டார். கணவர் எனக்குச் சரியாக வராத சிங்களத்தில் 'கேஸ்டிக்' (வாயுக்கோளாறு) என்றார். மாத்திரை கிடைத்தது. சித்திரையில் இதே கணவர் இரண்டு ஏப்பம் விட்டதற்கு, ஈசிஜி (இதயத்தின் மின்துடிப்பைப் பதியும் சோதனை) எடுக்க வாடகைக்கு வான் (வேன்) பிடித்துக் கண்டிக்கு ஓடியவர்கள் நாங்கள். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. இது கேஸ்டிக் அல்ல.

விரதம் முடிந்த அன்று கோயிலில் ஐயர் என் இடது கையில் காப்பு நூலைக் கட்டினார். படியிறங்கும்போது வியர்த்துக் கொட்டியது. வாந்தி எடுத்துச் சரிந்தேன்.

ஆஸ்பத்திரியில் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் என்னிடமே பேசினார்.

"எத்தினை நாளா இப்பிடி, அம்மா?"

"விரதம் தொடங்கினதுல இருந்துங்க."

"பொம்பிளையளுக்கு நெஞ்சு நோகாமலும் மாரடைப்பு வரும். நீங்கள் முந்தியே இங்க வந்திருக்கலாம்."

இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது திரும்ப வராது என்றார்.

அஞ்சியோகிராம் (இரத்தக் குழாயில் சாயம் செலுத்திப் படமெடுப்பது) செய்ய வலது கை இரத்தக் குழாய் சரிவரவில்லை. இடது மணிக்கட்டில் இருந்த நூலை நர்ஸ் கத்தரியால் வெட்டினார். அடைப்பில் ஸ்டென்ட் (சிறு வலைக்குழாய்) வைத்தார்கள்.

நோயாளரைப் பார்க்கும் நேரத்தில் கணவர் வந்தார். முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார்.

"காப்ப அறுத்துட்டாங்களா?"

"ஆமாங்க."

"அப்ப எனக்கு ஒண்ணும் ஆயிறாதே?"

அழ வேண்டும் போலிருந்தது. அழக்கூட மூச்சு போதவில்லை.

இதை வாசிக்கும் பெண்களே, உங்கள் வலியை நீங்களே வாய் திறந்து சொல்லுங்கள். பாஷை தெரியாவிட்டால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டுங்கள். இன்னொருவர் வாயில் கொடுத்துவிடாதீர்கள்.

இப்போது பாலத்தை நின்று நின்றுதான் கடக்கிறேன். அடுத்த விளக்குக் கம்பம்வரைதான் என் எதிர்காலம். அங்கே போய்ச் சேர்ந்தபின் அதற்கடுத்த கம்பத்தை யோசிக்கிறேன். மணிக்கட்டில் நூல் இருந்த இடத்தில் ஒரு சிறு தழும்பு.

இந்த வருடமும் விரதம் வந்தது. மாத்திரைகளை வெறும் வயிற்றில் போடக்கூடாது. காலையிலேயே வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அவர் நன்றாகத்தான் இருக்கிறார்.