பெயர் பழையது, அகலம் புதியது: காஜா பெராங்கில் ஒரு காரைப் பார்க்கப் போனது

இந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் ஒரு காரைப் பார்ப்பதற்காகச் சிரம்பானிலிருந்து மலாக்கா வரை போய்வந்தேன். கோட்டை வாசலும் கடற்கரையும் இருக்கும் இடத்திலேயே இருக்கும் என்பதால் அவற்றுக்கு இம்முறை நேரம் ஒதுக்கவில்லை. மெர்டேக்கா என்று நாடு விடுதலை கண்ட பிறகு நம் குடும்பங்களில் கார் வாங்கும் பேச்சு அடிக்கடி எழுகிறது. அந்த யோசனையில் இருப்பவர்களுக்கும், சிரம்பான்-மலாக்கா சாலையில் தாங்களே ஓட்டிப்போக நினைக்கும் பெண்களுக்கும் நான் கண்டது பயன்படலாம்.

நான் ஏழு ஆண்டுகளாக ஒரு சிறிய பிரிட்டிஷ் சலூன் வைத்திருக்கிறேன். பெயரைச் சொல்லி யாருக்கும் இலவச விளம்பரம் செய்ய விருப்பமில்லை. உருண்டை முதுகு, திரும்பும்போது கதவோரத்திலிருந்து எட்டிப்பார்க்கும் சின்ன விளக்குக் கை என்று சொன்னாலே பலருக்கு விளங்கும். இந்த ஆண்டு அதே பெயரில் புதிய உருவம் வந்திருக்கிறது. நீளம் கூடியிருக்கிறது, அகலம் கூடியிருக்கிறது, பின்னால் மீன் துடுப்புபோல இரண்டு முனைகள் முளைத்திருக்கின்றன. மலாக்காவில் இருக்கும் என் தங்கை கமலமும் அவள் கணவர் சுந்தரமும் அதை வாங்கலாமா என்று யோசித்தார்கள். பழையதை ஓட்டுகிறவள் என்ற முறையில் என் அபிப்பிராயம் வேண்டுமாம். பெரிதாகிவிட்டதாலேயே ஒரு பொருள் மேலாகிவிட்டது என்று நான் நம்புவதில்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

கார் தேவைப்பட்டது கமலத்துக்கு. நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆசிரியையாக இருந்த அவளுக்கு, செமாபோக்குக்கும் அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தலைமை ஆசிரியை வேலை வந்திருந்தது. ஏற்கிறாளா இல்லையா என்று திங்கட்கிழமைக்குள் கல்வி அலுவலகத்தில் சொல்ல வேண்டும். காலை மணி அடிப்பதற்குள் அந்தத் தோட்டத்தில் கொண்டுசேர்க்கும் பஸ் கிடையாது. சுந்தரம் துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி. அவளைக் கொண்டுவிட்டுத் தன் வேலைக்கு நேரத்தோடு திரும்ப முடியாது. ஆகவே கமலம் தானே ஓட்ட வேண்டும், இல்லாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். லைசென்ஸ் எடுத்துவிட்டாள். ஆனால் ஓட்டிப் பழகியது என்னுடையதைப் போன்ற பழைய சின்ன வண்டியில்.

சனிக்கிழமை காலை ஏழரைக்குப் புறப்பட்டேன். ரெம்பாவ், தம்பின், அலோர் காஜா வழியாக ஏறத்தாழ ஐம்பத்திரண்டு மைல். ரெம்பாவ் வயல்வெளி வரை சாலை நன்றாக இருக்கிறது. அதற்குப் பிறகு ரப்பர் ஷீட் ஏற்றிய லோரிகள் வளைவுகளில் நடுச்சாலையைத் தமதாக்கிக்கொள்கின்றன. அந்த இடங்களில் என் வண்டி ஒடுங்கலாக இருப்பதற்கு நன்றி சொன்னேன். அலோர் காஜாவில் காப்பியும் வாட்டிய ரொட்டியும் நாற்பது காசு. காப்பி சுமார்தான், ஆனால் கடையின் பின்புறம் சுத்தமான கழிப்பறை உண்டு. தனியாகப் பயணம் செய்யும் பெண்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னதாகக் காஜா பெராங் சந்துக்குள் திரும்பினேன்.

வீட்டு வாசலில் புதிய கார் நின்றது. பச்சையும் வெள்ளையும் கலந்த இரண்டு வர்ணம். கார் நிறுவனத்தின் ஏஜெண்டு ஞானம் என்ற இளைஞர், திங்கட்கிழமை பகல் வரை ஓட்டிப்பார்க்கலாம் என்று கொண்டுவந்து விட்டிருந்தார். கார் ஏன் வாசலில் நிற்கிறது என்று கேட்டேன். பக்கத்திலேயே புத்தம்புதிய கொட்டகை ஒன்று இருந்தது. சிமெண்டுத் தூண், தகரக் கூரை எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தன.

சுந்தரம் தலையைச் சொறிந்தார். கமலம்தான் பதில் சொன்னாள்.

"உள்ள போவுது அக்கா. நல்லாவே போவுது. ஆனா கதவத் தொறக்க முடியாது. ஓட்டிக்கிட்டுப் போறவங்க காலை வரைக்கும் உள்ளயே ஒக்காந்திருக்கணும்."

"எதை வைத்து அளந்தீர்கள்?" என்று சுந்தரத்திடம் கேட்டேன்.

"ஒங்க காரத்தான் அக்கா. சித்திரை வருசப்பொறப்புக்கு வந்தீங்கள்ல, அப்ப கயிறு புடிச்சு அளந்தேன். பேரு அதே பேருதானே லா?"

"புதிய கார் வந்த பிறகு கட்டியிருக்கலாமே."

"காரு ஆடியிலதான் வருதுன்னுட்டான் ஏஜெண்டு. ஆடியில கால் நட முடியுமா? அதான் ஆனியிலயே நல்ல நாள் பாத்து நட்டுட்டேன்."

"நாளு நல்ல நாளுதான்," என்றாள் கமலம். "அளவுதான் கெட்ட அளவு."

பக்கத்து வீட்டில், தலைமுறைகளாக மலாய் பேசும் மலாக்கா செட்டி சமூகத்தைச் சேர்ந்த பெண்மணி ஒருவர் இருக்கிறார். கெபாயா மேற்சட்டையும் சாரோங் கைலியும் உடுத்துபவர். சந்தில் எல்லோரும் அவரை மரியாதையாக பீபிக் என்கிறார்கள். தமிழ் பேச வராது, பூசை, சாமி போன்ற சொற்கள் தெரியும். அவர் வேலியோரம் நின்று கொட்டகையைப் பார்த்தார், காரைப் பார்த்தார், சுந்தரத்தையும் ஒருமுறை பார்த்தார். ஒரு தூணை இடித்துவிட்டால் "போலே" என்று மலாயில் சொன்னார். ஆகும் என்று அர்த்தம். நல்ல நாளில் நட்ட தூணை இடிப்பதா என்று சுந்தரம் மறுத்துவிட்டார். இரண்டு இரவும் கார் வாசலிலேயே தூங்கியது.

அன்று மாலை ஜாலான் துக்காங் எமாஸ் தெருவிலுள்ள பிள்ளையார் கோவிலுக்குப் போவதென்று சுந்தரம் முடிவு செய்தார். வாங்காத காருக்கு என்ன பூசை என்று நான் கேட்டேன்.

"வாங்கிட்டுப் போய்க் கேட்டா, வேணாம்னு சாமி சொன்னா என்னா பண்றது அக்கா? முன்னாடியே காட்டிடணும்."

எலுமிச்சம்பழம் நசுக்குவதை மட்டும் தள்ளிவைக்கச் சொன்னேன். கமலம் ஓட்ட, ஞானம் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். பின்னால் நான், சுந்தரம், சாமிக்குப் பூக்கூடை எடுத்துவந்த பீபிக். இதே பெயருள்ள என் வண்டியில் பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்தால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டும். இதில் பூக்கூடைக்கும் இடம் இருந்தது. அந்த வசதியின் விலை பிறகுதான் தெரிந்தது.

சந்திலிருந்து வெளியே வரும்போதே கமலம் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள். அவள் குள்ளம். புதிய காரின் மூக்கு எங்கே முடிகிறது என்று அவள் இருக்கையிலிருந்து தெரியவில்லை. பெரிய சாலையில் சமாளித்துவிட்டாள். ஜாலான் துக்காங் எமாஸில் சனிக்கிழமை மாலைக் கூட்டம். பள்ளிவாசலுக்குக் கொஞ்சம் முன்னால் வலது பக்கம் இரண்டு ட்ரைஷா சைக்கிள் ரிக்‌ஷாக்கள் நின்றன, இடது பக்கம் மூடியில்லாத சாக்கடை. நடுவில் போக வழி இருந்தது, ஆனால் தாராளமாக இல்லை. கமலம் வேகத்தைக் குறைத்தாள். அந்தக் கணத்தில் உள்ளே இருந்த எல்லோருக்கும் வாய் திறந்தது.

"ரைட்ல ஒடி, ரைட்ல ஒடி!" என்றார் சுந்தரம்.

"மேடம், ஸ்லோலி ரிவர்ஸ், ரிவர்ஸ்," என்றார் ஞானம்.

"கிரி! கிரி!" என்று பீபிக் மலாயில் சொல்லி இடது பக்கம் கையை வீசினார்.

"கிரியில லோங்கான் இருக்கு பீபிக்!" என்று சுந்தரம் சாக்கடையைக் காட்டிக் கத்தினார். "கமலம், பிரேக்க வுடாத! இல்ல, வுடு! கொஞ்சமா வுடு!"

மூன்று மொழிகளில் மூன்று திசைகள். நானும் என் பங்குக்கு "நில்" என்றேன். கார் குலுங்கி எஞ்சின் நின்றது. பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்தது. மசாலா சாமான் கடை வாசலில் நின்ற ராவுத்தர் ஒருவர் குனிந்து உள்ளே பார்த்தார்.

"என்னங்க, பொண்ணழைப்பா? மாப்பிள்ள ஊட்டுல இத்தன பேரா வந்திருக்கீங்க?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கமலத்தின் முகம் சிவந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"முடியாதுக்கா," என்றாள். "திங்கக்கெழம வேணாம்னு சொல்லிடறேன்."

"சொல்வது உன் இஷ்டம். இப்போதைக்கு வண்டியை இங்கிருந்து எடுக்க வேண்டும்," என்றேன்.

"அதத்தானே நானும் சொல்றேன்," என்று சுந்தரம் முன்னால் சாய்ந்தார். "மொதல்ல கிளச்ச முழுசா…"

கமலம் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். "எல்லாரும் எறங்குங்க."

"நான் கூடவா?" என்றார் சுந்தரம்.

"நீங்கதான் மொதல்ல."

இறங்கினோம். சாக்கடைப் பக்கக் கதவுகளைத் திறக்க முடியாததால், ஞானம் முன்சீட்டின் மேலேறிப் பின்னால் வந்து எங்களோடு வலது பக்கமாக இறங்கினார். அந்தக் காட்சிக்கு ராவுத்தர் கடையில் இன்னொரு சிரிப்பு. கமலம் கண்ணாடியைக் கீழே இறக்கினாள், இருக்கையின் முன் நுனிக்கு நகர்ந்து உட்கார்ந்தாள், எஞ்சினை மறுபடி கிளப்பினாள். நாங்கள் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் காதில் வாங்கியிருக்கமாட்டாள். கார் மெதுவாக, நேராக, ட்ரைஷாக்களையும் உரசாமல் சாக்கடையையும் தொடாமல் நடுவே போனது. கோவில் வாசலில் நிறுத்துவாள் என்று நாங்கள் நடக்கத் தொடங்கினோம். கார் கோவிலைக் கடந்து, தெருமுனையில் திரும்பி, மறைந்துவிட்டது.

ஞானம் வெளிறிப்போனார். "மேடம் எங்க போறாங்க? அது கம்பெனி கார்."

சுந்தரம் தெருமுனைவரை ஓடிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். பீபிக் பூவைக் கோவிலில் கொடுத்துவிட்டு வந்து நிழலில் உட்கார்ந்தார். ராவுத்தர் எல்லோருக்கும் தேநீர் வரவழைத்தார், காசு வாங்க மறுத்துவிட்டார். இருட்டத் தொடங்கும் வரை அங்கேயே இருந்தோம். ஞானம் ஐந்தாவது முறையாக மணி கேட்டபோது, போன பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சை வெள்ளைக் கார் வந்தது. சக்கரங்களிலும் கதவுகளிலும் செம்மண்.

"எங்க போன?" என்றார் சுந்தரம். கோபப்பட நினைத்தார், குரல் ஒத்துழைக்கவில்லை.

"செமாபோக் தாண்டி, தோட்டம் வரைக்கும். ஸ்கூலப் பாத்துட்டு வந்தேன். தெடல்ல வண்டியத் திருப்ப நல்ல எடம் இருக்கு." பிறகு என்னிடம், "அக்கா, ஒங்க காரு மாரி இது குதிக்கல. மூக்கு தெரியலைதான். தெரியலன்னா என்னா, எங்க இருக்கும்னு புரிஞ்சிடுச்சு. இவ்ளோ பேரு பேசாம இருந்தா புரியுது," என்றாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை அவள் என்னை மட்டும் ஏற்றிக்கொண்டு அதே தோட்டத்துக்குப் போனாள். நகரத்திலிருந்து பதினோரு மைல், கடைசி மூன்று மைல் செம்மண் பாதை. நான் வாயைத் திறக்காமல் கவனித்தேன். பழைய வண்டியோடு ஒப்பிட்டு எனக்குத் தோன்றியது இது.

எஞ்சின் ஏறக்குறைய பழையதேதான், சுமக்கும் உடம்பு பெரிது. ஆகவே மேட்டில் இரண்டாம் கியருக்கு முன்னதாகவே இறங்க வேண்டியிருக்கிறது. தம்பின் பக்கத்து ஏற்றங்களில் என் கிழவண்டி இதை முந்தினாலும் வியக்கமாட்டேன். பள்ளங்களில் புதியது மெத்தென்று போகிறது, முதுகு நன்றி சொல்கிறது. மினுக்கும் திருப்பு விளக்குகள் நல்ல மாற்றம். பழைய விளக்குக் கை மழைநாளில் பாதியில் சிக்கிக்கொண்டு யாருக்கும் எதுவும் சொல்லாது. இருக்கை உறை வெயிலில் புடவையோடு ஒட்டிக்கொள்கிறது. பின்பெட்டியில் ஒரு வகுப்பின் நோட்டுப் புத்தகங்களையும் இரண்டு மூட்டை அரிசியையும் வைக்கலாம். திரும்ப அதிக இடம் கேட்கிறது. பின்துடுப்புகளால் எந்த உபயோகமும் இல்லை, பீபிக் மட்டும் அவற்றில் துணி காயப்போடலாம் என்றார். மொத்தத்தில் நான் எதிர்பார்த்ததைவிட நல்ல கார். தனியாக வாழும் எனக்கு அது தேவையில்லை. செம்மண் பாதையில் தினமும் போகப்போகும் ஒருத்திக்குத் தேவைதான்.

வாங்க நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள். பெயரை நம்பி எதையும் அளக்காதீர்கள், காரை நிறுத்தி அதை அளந்த பிறகு கொட்டகை போடுங்கள். குள்ளமானவர்கள் ஒரு கெட்டி மெத்தையைக் கையோடு எடுத்துப்போய் உட்கார்ந்து பாருங்கள். கடைக்காரர் காட்டும் பெரிய சாலையில் ஓட்டினால் எந்தக் காரும் நல்ல கார்தான். உங்கள் ஊரின் மிக ஒடுங்கலான தெருவுக்குக் கொண்டுபோங்கள். முக்கியமாக, யார் தினமும் ஓட்டப்போகிறாரோ அவர் ஒருமுறையாவது தனியாக ஓட்டிப்பார்க்க வேண்டும். பெரிய காரில் ஆலோசகர்களுக்கும் இடம் இருக்கிறது. இந்தக் குறையை எந்த விளம்பரத்திலும் நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை காலை கமலம் நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டு, வேலையை ஏற்கிறேன் என்று சொல்ல அதே காரில் கல்வி அலுவலகத்துக்குக் கிளம்பினாள். துறைமுகம் அதே வழிதான், இறக்கிவிடுகிறாயா என்று சுந்தரம் கேட்டார். பின் சீட்டில் உட்காரலாம், பேசக்கூடாது என்று அனுமதி கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு போனார். வழி முழுவதும் அவர் வாயே திறக்கவில்லை என்று கமலம் திரும்பி வந்து சொன்னாள். அதை நான் நம்பவில்லை.