விளக்கெண்ணெய் ஆகாது

காலை பதினொன்று பத்துக்கு என் மனைவி தேயிலைத் தோட்ட ஆபீஸ் வாசலில் வந்து நின்றாள். நான் கிளாக்கராக இருந்த பன்னிரண்டு வருஷத்தில் அவள் அங்கே காலடி வைத்ததில்லை.

"புள்ள கண்ணத் தொறக்க மாட்டேங்குதுங்க."

ஓடினேன். ஒன்பது வயது மகள் பாயில் கிடந்தாள். கை சில்லிட்டிருந்தது, நெற்றியெல்லாம் வியர்வை. விடியற்காலையில் அவளுக்குக் கொக்கிப்புழு மருந்து கொடுத்திருந்தோம். பல மாதமாக வெளுத்துப்போய், மண்ணைத் தின்று, நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கிய பிள்ளை. கூலிகள் பயப்படாமலிருக்க முதலில் கிளாக்கர் வீட்டிலேயே கொடுங்கள் என்று பதுளை டாக்டர் பொடியையும் பேதி உப்பையும் பொட்டலமாகத் தந்துவிட்டு, பசறைப் பக்கத்துத் தோட்டத்துக்குப் போயிருந்தார். கூலிகள் குடியிருக்கும் லயத்துப் பிள்ளைகளுக்கு மறுநாள்.

"வேற என்ன குடுத்த?"

"உப்பத் துப்பிருச்சு. வயிறு போகணுமேன்னு காப்பியில வெளக்கெண்ணெ கலந்து குடுத்தேன்."

அந்தப் பொடி எண்ணெயில் கரைந்தால் இரத்தத்தில் ஏறி விஷமாகும். அது எனக்குத் தெரியும். மூன்று நாளைக்கு முன், காலையில் ஆட்களை வேலைக்குப் பிரிக்கும் பெரட்டுக் களத்தில், டாக்டர் அரைமணி நேரம் ஆங்கிலத்தில் பேசியதை வரிக்கு வரி தமிழாக்கிச் சொன்னவன் நான். புழுவின் முட்டை ஈரமண்ணில் பொரிப்பது, பாதத்தின் வழியாக ஏறுவது, குடலைக் கடித்துத் தொங்குவது, ஒன்றையும் விடவில்லை. "கொழுப்புச் சம்பந்தமான ஆகாரங்கள் விலக்கத்தக்கவை" என்று அழகாகச் சொன்னேன். தோட்டத்துத் துரை தலையாட்டினார். வேலைக்குப் போகக் காத்துக்கொண்டு குளிரில் நின்ற ஆண்களும் தலையாட்டினார்கள்.

"எண்ணெய் ஆகாதுன்னு சொன்னேனே" என்று கத்தினேன்.

"யாருகிட்டச் சொன்னீங்க? பெரட்டுல ஆம்பளைங்ககிட்டச் சொன்னீங்க. கங்காணி பொஞ்சாதி வந்து, கறி, நெய் கூடாதாம்னு சொல்லிட்டுப் போனா. ரெண்டு நாளா வெறும் கஞ்சிதான் ஊத்துனேன். வெளக்கெண்ணெ ஆகாரமா? அது மருந்து இல்லையா?"

எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. பேதிக்கு விளக்கெண்ணெய் இல்லாத வீடு இந்தத் தோட்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. டாக்டருக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும். என் அடுப்படி அலமாரியில்தான் அந்தப் போத்தல் இருந்தது. டாக்டர் மெச்ச வேண்டும் என்று பேசினேன், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பசறைக்கு ஆளை விரட்டிவிட்டு மகளின் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தோம். கங்காணி மனைவி எட்டிப் பார்த்தாள்.

"என்னங்கய்யா, மருந்து ஒத்துக்கலையா?"

"வெளக்கெண்ணெ குடுத்துட்டேன் அக்கா. சேராதாம்" என்றாள் என் மனைவி.

கங்காணி மனைவியின் முகம் மாறியது. "அடி ஆத்தி, நானும் நாளைக்குன்னு வாங்கி வச்சிருக்கேனே. எங்க லயம் பூரா வாங்கி வச்சிருக்கு." என்னைப் பார்த்தாள். "இத அன்னிக்கே சொல்றதுக்கு என்னங்கய்யா? புழு எப்படி முட்டை போடுதுன்னு எங்க வீட்டு மனுஷன் ராத்திரி பூரா சொன்னாரு. அத வச்சு நான் என்ன பண்றது?"

பதிலுக்குக் காத்திராமல் இறங்கிப் போனாள். லயத்து வரிசையில் ஒவ்வொரு காம்பிரா வாசலிலும் அவள் குரல் கேட்டது. "வெளக்கெண்ணெ குடுத்துறாதீங்கடி. கிளாக்கர் வீட்டுப் புள்ள கெடக்குறதப் போய்ப் பாருங்க." அரைமணி நேரம் பேசியும் நான் சொல்லத் தவறியதை அவள் இரண்டு வரியில் சொல்லி முடித்தாள்.

நாலரை மணிக்கு டாக்டர் குதிரையில் வந்து சேர்ந்தார். நாடி பார்த்தார். பேதி உப்புக் கரைசலைக் கரண்டி கரண்டியாக இறக்கினார், கடுங்காப்பி கொடுத்தார், காலைத் தேய்க்கச் சொன்னார். விளக்கு வைக்கும் நேரத்தில் மகள் கண் திறந்து தண்ணீர் கேட்டாள். என் மனைவி சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே அலமாரியிலிருந்த போத்தலைப் பார்த்தார். பிறகு என்னிடம் ஆங்கிலத்தில், நிதானமாகச் சொன்னார்:

"கொழுப்பு கூடாது என்று அன்றைக்கே சொன்னேனே. மொழிபெயர்த்தது நீங்கள்தானே?"